ஈறு நோய்: மாத்திரையிலேயே ரத்தம் நின்றுவிட்டதே, க்ளீனிங் எதற்கு?

கேட்டவருக்கு 46 வயது. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, நாளைக்கு நாலைந்து சிகரெட். ஒரு வருடமாகப் பல் துலக்கினால் ரத்தம், காலையில் வாய் நாற்றம், கீழ் முன்பல் ஒன்றில் லேசான ஆட்டம். பல் டாக்டர் பார்த்துவிட்டு, நாலு தடவை வந்து வேர் வரைக்கும் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் க்ளீனிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தார். மூன்றாம் நாளே ரத்தம் நின்றது, நாற்றம் குறைந்தது. ஐந்தாம் நாளோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது அவருக்கு மூன்று சந்தேகம். சரியாகிவிட்ட பிறகு க்ளீனிங் எதற்கு? அவருடைய மச்சானுக்கும் இதே நோய், போதாததற்குச் சர்க்கரை வேறு. ஆனால் அவர் பார்த்த டாக்டர் மாத்திரையே தராமல் க்ளீனிங் மட்டும் செய்தாராம். இருவரில் யார் சரி? மூன்றாவது, மிச்சமிருக்கும் மாத்திரையை மனைவிக்குக் கொடுக்கலாமா, அவருக்கும் ஈறில் ரத்தம் வருகிறதே?

இருபது வருடத்துக்கு மேலாக ஈறு மட்டுமே பார்க்கிற பல் டாக்டர் நான். முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: க்ளீனிங்கை உடனே ஆரம்பியுங்கள், உங்களுக்கு இன்னும் எதுவும் சரியாகவில்லை. இரண்டாவது கேள்விதான் நீளமானது. இரண்டு டாக்டரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, இரண்டு பேரும் தவறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஈறுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருப்பீர்கள். உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் தண்ணீரில் மிதப்பது சாகும், நாற்றமும் போகும். சுவரில் ஒட்டியிருக்கும் பாசி அப்படியே இருக்கும். நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்தால்தான் அது வரும். பல் வேரில் இருப்பதும் இப்படி ஒரு படலம்தான். நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள், தாங்களே சுரந்த பிசினுக்குள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே, நாளாவட்டத்தில் கல்லாக இறுகிப்போன காரை. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, படலத்துக்குள் இருக்கும் அதே கிருமியை ஒன்றும் செய்யாது. பல மடங்கு அதிகம் தேவைப்படும், ஆயிரம் மடங்கு வரை போகும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவு மாத்திரையை மனிதன் விழுங்க முடியாது.

அப்படியானால் மூன்று நாளில் ரத்தம் எப்படி நின்றது? ரத்த ஓட்டத்தில் வந்த மருந்து ஈறின் சதைக்குள்ளும் படலத்தின் மேல்பரப்பிலும் இருந்தவற்றைத் தட்டியது. வீக்கம் தணிந்தது, ரத்தம் குறைந்தது. வேரில் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கிறது, சில வாரங்களில் பழையபடி வளரும். அதோடு, நீங்கள் சிகரெட் பிடிப்பவர். சிகரெட் பிடிப்பவரின் ஈறில் ரத்தக் கசிவு இயல்பாகவே குறைவாக இருக்கும், நோய் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாலும். ரத்தம் வரவில்லை என்பதை வைத்து உங்கள் ஈறை எடைபோடவே கூடாது.

எதை வைத்து எடைபோடுவது? எங்களிடம் ஒரு குச்சி இருக்கிறது. ஸ்டீல், நுனி மழுங்கலாக இருக்கும், அதில் மில்லிமீட்டர் கணக்கில் கோடுகள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளப்போம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டே வருவார்: மூணு, ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு, ஏழு. அந்த ஏழில் நோயாளியின் புருவம் தானாக ஏறும், காது கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. மூன்று வரை நலம். நாலிலிருந்து பாக்கெட் என்போம், அதாவது ஈறு பல்லை விட்டுப் பிரிந்து உண்டான பை. ஆறும் அதற்கு மேலும் ஆழமான பாக்கெட். பிரஷ்ஷோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ அங்கே போய்ச் சேராது. சேர்ந்தாலும் தங்காது. 5 மி.மீ. பாக்கெட்டில் ஊறும் திரவம் மணிக்குச் சுமார் 40 தடவை புதிதாக மாறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊற்றுக்கண்ணில் உப்பைக் கரைத்துப் பார்ப்பதுபோல. ஆகவே குச்சி காட்டிய ஏழு உங்கள் மாத்திரைக்குப் பிறகும் ஏறக்குறைய ஏழாகத்தான் இருக்கும். அந்த எண்கள் எழுதிய தாளை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளக்கவே இல்லை, பார்த்தவுடன் மாத்திரை எழுதினார் என்றால், அந்தச் சீட்டில் எனக்கு நம்பிக்கை பாதியாகக் குறையும்.

அப்புறம் எதற்காக இந்த மாத்திரை பழக்கத்தில் வந்தது? கதை கொஞ்சம் வேடிக்கையானது. மெட்ரோனிடசோல் முதலில் பெண்ணுறுப்பில் வரும் டிரைக்கோமோனாஸ் தொற்றுக்காக வந்த மருந்து, ஃப்ளாஜில் என்ற பெயரை நம் ஊர் வீடுகளில் வயிற்றுப்போக்கு மாத்திரையாக அறிவோம். அந்தத் தொற்றுக்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண், தன் ஈறு நோயும் சேர்ந்து குணமாகிவிட்டதே என்று இங்கிலாந்தில் தன் பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். ஷின் என்ற அந்த டாக்டர் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, வேறு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1962-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களின் வாயை அழுகவைத்த நோய் ஒன்று உண்டு, ஈறின் நுனி கருகி உதிரும், வலி தாங்காது. அதற்கு மெட்ரோனிடசோல் இன்றும் கைகண்ட மருந்து. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளை மட்டும் கொல்லும் குணம் அதற்கு. ஆழமான பாக்கெட்டின் அடியில் ஆக்சிஜன் ஏது?

ஆனால் ஒரு கிருமி இதற்கு முழுதாக மசியவில்லை. அதன் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கும்: ஆக்ரிகாட்டிபாக்டர் ஆக்டினோமைசெடெம்கோமிட்டன்ஸ். நாங்கள் சுருக்கமாக ஏஏ என்போம். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழும். ஈறின் சதைக்குள்ளேயே புகுந்து உட்காரும், ஆகவே வேரை எவ்வளவு சுரண்டினாலும் சதைக்குள் இருப்பது போகாது. 1989-ல் ஆம்ஸ்டர்டாமில் வான் விங்கல்ஹாஃபும் கூட இருந்தவர்களும் வேரைச் சுத்தம் செய்வதோடு மெட்ரோனிடசோலையும் அமாக்ஸிசிலினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏஏ பெரும்பாலானவர்களிடம் மறைந்தது. உங்கள் சீட்டில் இருக்கும் ஜோடி மருந்து அங்கிருந்து கிளம்பியதுதான். இந்தக் கிருமியின் ஒரு வீரியமான வகை மொராக்கோ வாலிபர்களிடம் சுற்றிவருகிறது. அதை வாயில் சுமந்த பிள்ளைகளுக்கு, ஏஏவே இல்லாதவர்களைவிட ஈறு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு என்று 2008-ல் லான்செட்டில் வந்த ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட வாயில் மாத்திரை துணைக்கு நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கண்ணால் பார்த்தது ஒன்று. கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆன பெண். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதத்தில் சந்து விழுந்துவிட்டது என்று அம்மாவோடு வந்தாள். வாய் சுத்தமாகத்தான் இருந்தது, காரை தேடினாலும் அதிகமில்லை. குச்சியை இறக்கினால் முன்பற்களிலும் முதல் கடைவாய்ப் பற்களிலும் எட்டு, ஒன்பது. எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அம்மாவுக்கும் முப்பது வயதிலேயே பல் விழுந்ததாம். அவளுக்கு இரண்டே நாளில் வாய் முழுக்க வேரைச் சுத்தம் செய்து முடித்து, அன்றே மாத்திரையைத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் அளந்தபோது எட்டு இருந்த இடங்களில் நாலும் ஐந்தும். அத்தனை மாற்றத்தை வெறும் க்ளீனிங்கில் அந்த வயதில், அந்த நோயில் நான் அடிக்கடி பார்த்ததில்லை.

ஆனால் வாசலில் வந்து நிற்கும் எல்லோரும் அந்தப் பெண் இல்லை. இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்த ஆய்வு நமக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 1970-ல் தொடங்கி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள் ஹாரல்ட் லோவும் அவர் குழுவும். பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை, வாய் நிறையக் காரையும் அழுக்கும். எல்லாருடைய பல்லும் ஒரே வேகத்தில் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? 1986-ல் வெளியான முடிவு: சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதத்துக்கு நிதானமாக நகர்ந்தது, 11 சதவீதத்துக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு ஒன்றே, உடம்பு வேறு வேறு. ஆராய்ச்சி என்ற பெயரில் தடுக்கக்கூடிய நோயை இத்தனை வருடம் வேடிக்கை பார்த்தது சரிதானா என்ற கேள்வி எனக்குத் தனியாக உண்டு, அது இங்கே வேண்டாம். மாத்திரை பற்றிய தர்க்கம் முழுவதும் அந்த 8 சதவீதத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. மீதிப் பேருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அடுத்து வந்த ஆராய்ச்சிகள் அளந்தன.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-ல் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தது. வேரைச் சுத்தம் செய்வதால் மட்டும் ஈறின் பிடிப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கிறது. கூடவே மாத்திரை கொடுத்தால் மேலும் சுமார் 0.35 மி.மீ. ஜெராக்ஸ் தாள் மூன்று நாலை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவு கனம். எங்கள் குச்சியில் கோடுகளே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒரு நோயாளியின் ஒரு பல்லில் இந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. சராசரி என்பது ஆழமில்லாத நூறு இடங்களையும் ஆழமான பத்து இடங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய சாம்பார். ஆழமான இடத்தில் பலன் அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு 45 ஆய்வுகள், 2664 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் ஒரு வருடம் கழித்து மூடிக்கொண்ட பாக்கெட்டுகள் கூடுதலாக இருந்தன, சதவீதக் கணக்கில் 16 புள்ளி அளவுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களே, இந்தச் சான்றின் உறுதி மிகக் குறைவு, நீண்ட காலத்தில் பல் நிலைக்குமா என்பதற்கு நம்பகமான விடை இல்லை என்றும் எழுதினார்கள். நோயாளிக்கு வேண்டியது பல் நிற்க வேண்டும் என்பதுதான், மில்லிமீட்டர் இல்லை.

நீண்ட காலம் பார்த்த ஆய்வு ஒன்று ஜெர்மனியில் நடந்தது, 2015-ல் வெளியானது. ஐந்நூற்றுச் சொச்சம் பேர். எல்லாருக்கும் வேரைச் சுத்தம் செய்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அழைத்துச் சுத்தம் செய்தார்கள். பாதிப் பேருக்கு 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 400 மி.கி. மெட்ரோனிடசோலும் மூன்று வேளை, ஏழு நாள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரண்டே கால் வருடம் கழித்து, ஈறின் பிடிப்பு மேலும் இறங்கிய இடங்கள் போலி மாத்திரைக்காரர்களிடம் 7.8 சதவீதம், உண்மை மாத்திரைக்காரர்களிடம் 5.3 சதவீதம். மாத்திரைக்குப் பலன் இருக்கிறது. ஆனால் இன்னொரு விதமாகவும் படியுங்கள்: மாத்திரையே இல்லாமல், ஒழுங்காகச் சுத்தம் செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனவர்களின் வாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு இடங்கள் இறங்காமல் நின்றன. அதே தகவல்களைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, 55 வயது வரை உள்ளவர்களில், வாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்கள் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாக இருந்தவர்களுக்குத்தான் மாத்திரையின் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிறகு பிரித்துப் பார்ப்பதில் ஆபத்து உண்டு, தேடினால் ஏதாவது கிடைக்கும். இருந்தாலும் என் நாற்காலியில் நான் பார்ப்பதும் இதுவேதான்.

ஈறு சிகிச்சைக்கென்று 2020-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் இங்கேதான் வந்து நிற்கிறது: எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்காதே, இளவயதில் வாய் முழுக்க நோய் முற்றியவர்கள் போன்ற குறிப்பிட்ட சிலருக்கு யோசிக்கலாம்.

இப்போது உங்கள் வழக்கு. 46 வயது, ஒரு பல் ஆட்டம், சிகரெட். உங்கள் எண்கள் என்னிடம் இல்லை. வாய் முழுக்க ஆறும் ஏழுமாக இருந்தால் உங்கள் டாக்டர் எழுதியதில் நியாயம் இருக்கிறது. நாலைந்து பல்லில் மட்டும் ஐந்து என்றால் அந்தச் சீட்டு அவசியமில்லாதது. எண் எதுவாக இருந்தாலும் வரிசை தவறிவிட்டது. முதலில் படலத்தை உடைக்க வேண்டும், உடைத்த கையோடு மருந்து போக வேண்டும். சுத்தம் செய்யும் வேலையை முடிந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்து, முடிக்கிற அன்று மாத்திரையைத் தொடங்குவதுதான் முறை. நீங்கள் சுவரைத் தேய்க்காமல் ப்ளீச்சிங் பவுடரை ஊற்றிவிட்டீர்கள். டாக்டர் இதைச் சொல்லாமல் விட்டாரா, சொன்னதைக் காதில் வாங்காமல் மெடிக்கல் ஷாப்புக்கு முதலில் போனீர்களா, எனக்குத் தெரியாது. இரண்டும் தினம் நடப்பதுதான்.

சரி, க்ளீனிங்கோடு சேர்த்து மறுபடி ஒரு கோர்ஸ் போடலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நாலு தடவை போய் வேரைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள், வலி இருக்காது. முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆறு எங்கேயும் இல்லை, நாலுக்கு மேல் ரத்தத்தோடு எந்த இடமும் இல்லை என்றால் மாத்திரைக்கு வேலையே இல்லை. மிச்சம் இருந்தால் அந்த இடங்களைத் திரும்பச் சுத்தம் செய்வதா, ஈறைத் திறந்து செய்யும் ஃப்ளாப் சர்ஜரியா, மாத்திரையா என்று அப்போது பேசலாம். அந்தப் பெண்ணைப் போன்ற இளவயது, வேகமான நோய்க்கு மட்டும் நான் இந்தக் காத்திருப்பைச் செய்வதில்லை. முதல் சுற்றிலேயே கொடுத்தால் பிறகு கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்று காட்டிய ஆய்வு உண்டு. உங்கள் வயதில் அந்த அவசரம் கிடையாது.

சுத்தம் செய்தால் பல் ஆடும், பல்லுக்கு நடுவில் சந்து விழும் என்று யாராவது சொல்வார்கள். சந்து ஏற்கெனவே இருந்தது, காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. ஈறு வீக்கம் வற்றும்போது வேர் கொஞ்சம் வெளியே தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். அவ்வளவுதான். அந்தச் சந்தில் பல்லிடுக்கு பிரஷ் தினமும் ஒருமுறை போய்வர வேண்டும்.

உங்கள் மச்சான் விஷயம். சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரை கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஈறு நோய் வேகமாக ஓடும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் அடங்காது, இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ஆனால் வேரைச் சுத்தம் செய்தாலே மூன்று நாலு மாதத்தில், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 புள்ளி இறங்குகிறது என்று 2022-ன் காக்ரேன் தொகுப்பு காட்டியது. சில சர்க்கரை மாத்திரைகள் கூடுதலாகச் செய்யும் வேலைக்கு இது பக்கத்தில் வரும். சர்க்கரைக்காக மட்டும் ஆன்டிபயாடிக் சேர்ப்பதற்கு அந்த அளவு வலுவான ஆதாரம் கிடையாது. அவருடைய டாக்டர் மாத்திரை எழுதாமல் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளி கேட்டும் எழுதாமல் இருப்பது, எழுதுவதைவிடச் சிரமமான காரியம்.

அதிகம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும், சின்ன பலன் என்றாலும் பலன்தானே என்று கேட்பீர்கள். மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் நாக்கில் செம்புக் காசு வைத்த மாதிரி ருசி, குமட்டல், சிலருக்குப் பேதி. அதோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கலாம், ஆகவே கோர்ஸ் முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால் அந்த மருந்தின் வேகம் கூடி ரத்தப்போக்கு ஆகலாம். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை நோயாளிகள் பல் டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள், பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம். அமாக்ஸிசிலின் ஒவ்வாமை சிலருக்கு உயிர்போகும் அளவுக்குப் போகும். உடம்பில் தடிப்பு வந்த பழைய அனுபவம் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இன்னொரு கெடுதல் உங்கள் வாயோடு நிற்பதில்லை. நம் ஊரில் பல்வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே ஓஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை கைக்கு வந்துவிடும், சீட்டு கேட்பதுகூட அரிது. ஈறு நோயில் பல பத்தாண்டுகளாகச் சோதித்து ஆதாரம் சேர்த்திருப்பது அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் ஜோடிக்குத்தான். ஓஃப்ளாக்ஸசினின் குடும்பத்தை உலக சுகாதார நிறுவனம் கண்காணித்து அளவாகப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாளைக்கு வேறு கடுமையான தொற்றுக்கு அவை வேலை செய்ய வேண்டும். 0.35 மி.மீ.க்காக அதைச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தொழிலிலேயே இந்தப் பழக்கம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மாத்திரைக்குப் பதிலாகப் பாக்கெட்டுக்குள்ளேயே மருந்து வைக்கும் முறையும் உண்டு. 2.5 மி.கி. குளோர்ஹெக்சிடின் ஊறிய கொலாஜன் சில்லு நம் சென்னையிலேயே தயாராகிறது, மீனிலிருந்து எடுத்த கொலாஜன், ஆகவே சைவக்காரர்களிடம் சொல்லிவிட்டு வைப்பேன். விரல் நகத்தைவிடச் சின்னது, பாக்கெட்டுக்குள் செருகினால் மெல்லக் கரையும். டெட்ராசைக்ளின் நார், ஜெல் எல்லாம் இருக்கிறது. சுத்தம் செய்த பிறகும் அடங்காத ஒன்றிரண்டு இடத்துக்கு இவை பயன்படும். வாயில் முப்பது இடம் ஆழம் என்றால் முப்பது சில்லு வைப்பது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. குறைந்த அளவு டாக்சிசைக்ளினை மாதக்கணக்கில் கொடுக்கும் அமெரிக்கப் பழக்கம் ஒன்று உண்டு, கிருமியைக் கொல்வதற்காக இல்லாமல் சதையைக் கரைக்கும் நொதியைத் தடுப்பதற்காக. நான் கொடுப்பதில்லை, ஐரோப்பிய வழிகாட்டியும் வேண்டாம் என்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்டிபயாடிக்கே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈறு வீங்கிச் சீழ் கட்டி, கூடவே காய்ச்சல், கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம் பரவுகிறது, வாய் திறக்க முடியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சீழை வெளியேற்றுவதும் மருந்தும் இரண்டும் வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்குச் சுத்தம் செய்யும் முன் ஒரே ஒரு வேளை அமாக்ஸிசிலின் கொடுப்போம், அது இதய வால்வைக் காப்பாற்ற, ஈறுக்காக இல்லை.

கடைசியாக மனைவி. அவருக்கு வருவது வெறும் ஈறு வீக்கமா, எலும்பு வரை இறங்கிய நோயா என்பது அளந்தால்தான் தெரியும். வெறும் வீக்கம் என்றால் ஒரு தடவை காரையை எடுக்கும் ஸ்கேலிங்கும் சரியான பிரஷ்ஷும் போதும், எந்த மாத்திரையும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ இன்னும் யோசிக்க வேண்டும். உங்களிடம் மிச்சமிருப்பது இரண்டு நாள் மாத்திரை, அது யாருக்கும் அரைக் கோர்ஸ்கூட ஆகாது. எடுத்துக்கொண்டு போய் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள், அல்லது க்ளீனிங்குக்குப் போகும்போது உங்கள் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் நிறுத்தியதைச் சொல்லுங்கள். திட்டுவார், பரவாயில்லை. மனைவியையும் அன்றைக்கே கூட்டிப்போனால் இருவருக்கும் சேர்த்து எண் எழுதிய தாளோடு திரும்பலாம்.